பெரிய அலாய் மாட்டிய பிறகு டயர் சத்தமா? காரணத்தைப் பிடிக்கும் வழி

காரில் 15 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 16 அல்லது 17 இன்ச் அலாய் வீல் மாட்டியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் ‘ஊம்ம்’ என்று ஒரு இரைச்சல். கடைக்காரர் “புது டயர் சார், ஓட ஓட சரியாயிடும்” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் “அந்தக் கம்பெனி டயரே அப்படித்தான்” என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சத்தத்தில் ஒரு பங்கு அளவை மாற்றியதாலேயே வருவது. அதோடு வாழப் பழக வேண்டும், இல்லையென்றால் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு பங்கு மாட்டிய விதத்தால் வருவது: காற்று, டயரின் திசை, ஹப் ரிங் (வீலின் நடுத் துளையில் போடும் வளையம்), ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்). இந்த இரண்டாவது பங்கு ஒரு ஜாக்கியும் காற்று அளக்கும் கேஜும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்க்காமல் டயரை மாற்றுவதும், கதவுக்குள் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவதும் வீண் செலவு.

அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ அலாய் வாங்கும்போது பழைய வீலை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். ஒரு மாதத்துக்குக் கொடுக்காதீர்கள். சத்தம் வீலிலிருந்தா வண்டியிலிருந்தா என்ற சந்தேகம் வந்தால், பழைய நான்கையும் திரும்ப மாட்டி அதே ரோட்டில் ஓட்டுவதைவிட உறுதியான சோதனை எதுவும் இல்லை.

சத்தத்தை வகை பிரிப்பது

புது டயரை முதல் 300 கிலோமீட்டர் வரை குற்றம் சொல்ல வேண்டாம். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழவழப்புப் பூச்சும், ஊசி ஊசியாக நிற்கும் ரப்பர் முடிகளும் தேய்ந்து, தடம் ரோட்டோடு பழக அவ்வளவு தூரம் ஆகும். அதற்குப் பிறகும் இருந்தால் சோதித்துப் பாருங்கள்.

போக்குவரத்து இல்லாத நேரம், காய்ந்த ரோடு, கண்ணாடி மூடி, ஏசியும் பாட்டும் நிறுத்தி, 60 கிலோமீட்டர் வேகம். ஓஎம்ஆரில் சிறுசேரி பக்கம் விடியற்காலையில் இதற்கு வசதி. அந்த வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். இன்ஜின் சுற்று இறங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். இறங்கிவிட்டால் டயரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

அடுத்து தளம் மாறும் இடத்தைக் கவனியுங்கள். சுங்கச்சாவடி முன்னால் தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் சத்தத்தின் குணமே மாறினால் அது டயர் தடத்தின் சத்தம். தளம் மாறியும் ஒரே மாதிரி உறுமினால் சக்கரத்தின் பேரிங் மேல் சந்தேகம் வரவேண்டும்.

போனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் இன்னும் துல்லியம். கணக்கு எளிது. சுமார் 62 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் 1.95 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், அதாவது நொடிக்கு எட்டரைச் சுற்று. தடத்தில் சுற்றிலும் 64 ரப்பர் கட்டைகள் இருந்தால் 550 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடு தெரியும். 80-ல் அது 730-க்கு ஏறும். இப்படி வேகத்தோடு நகரும் முகடு தடத்தின் சத்தம். 200 முதல் 230 ஹெர்ட்ஸ் வரை ஒரு முகடு வேகம் மாறினாலும் இடம் பெயராமல் நின்றால், அது டயருக்குள் அடைபட்ட காற்று அதிரும் சத்தம். மேம்பால இணைப்புகளில் ‘தொம்’ என்ற அடியோடு கூடவே ‘ணங்’ என்று காதுக்குள் ஒலிப்பது இதுதான்.

எதைத் தவிர்க்க முடியாது

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலேனோ, ஐ20 மாதிரி வண்டிகளில் நடு வேரியன்டுகளுக்கு வரும் 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம் (185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது இன்ச்சில் ரிம்). அதே வண்டிகளின் மேல் வேரியன்டில் கம்பெனியே கொடுக்கும் 195/55 ஆர்16-ல் அது 107. பலர் ஆசைப்படும் 205/45 ஆர்17-ல் 92. மொத்த விட்டம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 621.5, 620.9, 616.3. விட்டம் மாறாமல் ரிம் பெருத்தால், குறைவது ரப்பரும் காற்றும். மேடு பள்ளத்தின் அடியை உள்வாங்கிக்கொண்டிருந்த பக்கச்சுவரில் கால் பங்கு போய்விட்டது. அந்த அடி ரிம் வழியாக, வீல் மாட்டப்படும் ஹப்புக்கும், சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கும், பாடிக்கும் போகிறது. காருக்குள் கேட்கும் தாழ்ந்த உறுமலில் பெரும்பகுதி காற்று வழியாக வருவதில்லை, இப்படி இரும்பு வழியாகவே வருகிறது. கதவில் ஷீட் ஒட்டிப் பலன் காணாதவர்களுக்குக் காரணம் இதுதான்.

அகலம் கூடுவது இரண்டாவது காரணம். 185 அகலம் 205 ஆகும்போது ஒவ்வொரு நொடியும் ரோட்டில் அறையும் ரப்பர் கூடுகிறது. நெடுக்குப் பள்ளங்களுக்குள் சிக்கும் காற்று தரையில் அழுந்தி, பின்னால் வெளியேறும்போது குழல் மாதிரி ஊதுகிறது. 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் ‘ஸ்ஸ்’ கலந்த இரைச்சல் அது.

ஆக 15-லிருந்து 16-க்குப் போனால் சத்தம் கொஞ்சம் கூடுவது இயல்பு. 17-க்குப் போனால் நிச்சயம் கூடும். அது எரிச்சலூட்டும் அளவுக்குப் போனால் மட்டுமே மாட்டிய விதத்தில் பிழை தேட வேண்டும்.

காற்று: முதலில் இது, செலவில்லாமல்

புது டயர் மாட்டிக் கொடுக்கும்போது கடையில் 38, 40 பிஎஸ்ஐ வரை அடித்துவிடுவது சகஜம். டயரின் உள் விளிம்பான பீட் ரிம்மில் உட்கார அதிக அழுத்தம் தேவைப்படும். அப்படியே இறக்காமல் விட்டுவிடுவார்கள். மூன்று மணி நேரமாவது ஓடாத வண்டியில், வெயில் ஏறும் முன், உங்கள் சொந்த கேஜில் அளந்து பாருங்கள். பங்க் மெஷின்களை நம்புவது அவரவர் அதிர்ஷ்டம். வெப்பம் ஐந்தரை டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். மே மாதத்தில் காலை 28 டிகிரியில் 33 இருந்த டயர், நிழலில் நின்ற இடத்திலேயே மதியம் 35 காட்டும். பைபாஸில் ஓடி வந்தால் 37, 38. சூடான டயரில் காற்றை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தால் மறுநாள் காலை 29-ல் நிற்பீர்கள்.

எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண் பழைய அளவுக்கானது. டயரின் பக்கச்சுவரில் அளவை அடுத்து வரும் லோடு எண்ணைப் பாருங்கள். 185/65 ஆர்15-ல் அது 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55 ஆர்16-ல் 87, அதாவது 545 கிலோ. கம்பெனியே இந்த அளவைக் கொடுக்கும் வண்டியில் இதற்கென ஒட்டியிருக்கும் அழுத்தத்தையே வைக்கலாம். 205/45 ஆர்17-ல் இரண்டு வகை உண்டு: சாதாரண வகை 84, வெறும் 500 கிலோ, எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கானது) என்று எழுதிய வகை 88, அதே 560 கிலோ. முதல் வகையை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டாவது வகை அந்த 560 கிலோவை 42 பிஎஸ்ஐயில்தான் தாங்கும்; சாதாரண டயர் 36-லேயே தாங்கிவிடும். ஆகவே பழையதில் 33 வைத்திருந்தால், எக்ஸ்எல்லில் அதே சுமைக்குத் தோராயமாக 38, 39 வேண்டும். சத்தம் குறையட்டும் என்று 30-க்கு இறக்கினால் நாலு பேரோடு ஒரு குழியில் இறங்கும்போது ரிம் வளையும், பக்கச்சுவரில் புடைப்பு வரும். 17 இன்ச்சில் அமைதியும் கிடையாது, காற்றைக் குறைத்து அதை வாங்கவும் வழி கிடையாது.

மாட்டிய விதம்

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறியோடு ‘ரொட்டேஷன்’ என்று அச்சிட்டிருந்தால் அது திசை டயர்; அம்பு வண்டி முன்னே போகும் பக்கம் சுழல வேண்டும். ‘அவுட்சைட்’ என்று இருந்தால் அந்த எழுத்து நான்கு சக்கரத்திலும் வெளியே தெரிய வேண்டும். அவசரத்தில் ஒரு ஜோடியை மாற்றி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். திசை தலைகீழானால் இரைச்சல் கூடுவது ஒருபுறம். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் வேலை செய்யாமல், நவம்பர் மழையில் தேங்கிய ரோட்டில் வண்டி மிதக்கும். நடந்து சுற்றி வந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பக்கச்சுவர் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. அலாயோடு சேர்த்து வரும் ‘செகண்ட்ஸ்’ டயர்களில் தடம் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். இறுகிய ரப்பரை எந்த அலைன்மென்டும் அமைதியாக்காது.

அடுத்தது ஹப் ரிங். மாருதி, ஹூண்டாய் சிறு வண்டிகளில் ஹப்பின் நடுக் குமிழ் 54.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை அலாய் எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடுத் துளை பெரும்பாலும் 73.1 அல்லது 67.1. இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்ப ரிங் போட வேண்டும். போடாவிட்டால் வீல் நான்கு நட்டின் பிடியில் மட்டும் மையம் தேடும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் 80 பக்கம் ஸ்டியரிங்கில் நடுக்கமும் காலுக்கடியில் ‘வுவ் வுவ்’ என்ற துடிப்பும் வரும். பேலன்சிங் மெஷினில் சரி என்று காட்டிய வீல் வண்டியில் நடுங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். வீலைக் கழற்றி வெர்னியரில் இரண்டு விட்டத்தையும் அளந்து, அந்த அளவு ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது: ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்கவும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றுத் துரு அடையாகவே இருக்கும். அதன் மேல் உட்காரும் வீல் சாய்ந்தே உட்காரும். நட்டின் முனை கூம்பா உருண்டையா என்று பார்த்து, அலாயின் குழிக்குப் பொருந்துவதை மட்டும் போடவும். எல்லா நட்டையும் கையால் முடிந்தவரை ஏற்றி, குறுக்கே குறுக்கே பாதி இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பின் டார்க் ரெஞ்சில் முழு இறுக்கம் கொடுக்கவும். சிறு கார்களுக்கு இது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் கையேட்டு எண்ணே இறுதி. காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் ‘டர்ர்’ என்று ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

வீல் வெளியே இருக்கும்போதே, டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரையும் பாருங்கள். மேல் விளிம்பில் பளபளவென்று ஒரு மெல்லிய கீறல் கோடு தெரிந்தால், ரிம்மின் உள்ளே ஒட்டிய பேலன்ஸ் ஈயக்கட்டி அதில் உரசுகிறது. மெதுவாகப் போகும்போது வரும் ‘டிக் டிக்’ அதுதான். கட்டியை இடம் மாற்றி ஒட்டினால் தீர்ந்தது. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்திருந்தால் ‘சர்ர்’ என்று கேட்கும், விரலால் நிமிர்த்தலாம். தடத்தில் சிக்கிய கல், தளர்ந்த சென்டர் கேப் இதெல்லாம் சொல்லவே வேண்டாம், ஆனால் இவற்றுக்காகவே பேரிங் மாற்றியவர்கள் உண்டு.

ஆஃப்செட்டும் உரசலும்

அலாயின் உட்புறம் ஈடி என்று தொடங்கும் எண் இருக்கும். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே அது. எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும்.

பழையது 185 அகலம், ஈடி 45. புதியது 205 அகலம், ஈடி 38 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 20 கூடியதால் இருபுறமும் 10 மில்லிமீட்டர். ஈடி 7 குறைந்ததால் முழுதும் 7 வெளியே. ஆக வெளிப்பக்கம் 17 நீட்டும், உள்பக்கம் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை) நோக்கி 3 நெருங்கும். இது ஓடும். மலிவாகக் கிடைக்கும் ஈடி 25 அலாய் என்றால் வெளியே 30 நீட்டும். நாலு பேர் ஏறி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கினால் மட்கார்டு விளிம்பில் ‘கர்ர்’ என்று பிடிக்கும். உரசும் இடம் தெரியவில்லை என்றால் வீல் ஆர்ச் உள்ளே சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, முழு ஆள் ஏற்றி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி ரிவர்ஸும் எடுத்துப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் ஆசாமி. பிளாஸ்டிக் லைனர் என்றால் சூடான காற்றடித்து ஓரளவு ஒதுக்கலாம். இரும்பு விளிம்பைத் தட்டி மடக்குவதைவிட ஈடி சரியான வீலை வாங்குவது புத்திசாலித்தனம். மடக்கிய இடத்தில் பெயின்ட் வெடித்துத் துருப்பிடிக்கும். இடைவெளிக்கு ஸ்பேசர் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீல் வெளியே தள்ளுவதன் இன்னொரு விளைவு சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்தே தெரியும். பேரிங் தாங்கும் நெம்புவிசை கூடி அது சீக்கிரம் களைத்துவிடும். அந்த உறுமலை எல்லாரும் டயர் சத்தம் என்றே நினைப்பார்கள். பிரித்தறிய, நீண்ட வளைவில் ஓட்டுங்கள். கத்திப்பாராவின் வளையத்தில் தொடர்ந்து இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும்; அப்போது உறுமல் கூடி, நேர் ரோட்டில் குறைந்தால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வீலைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் அசையாது. போன பேரிங்கில் மணலை அரைப்பது போன்ற நடுக்கம் விரலுக்கு வரும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘கடக்’ என்று ஆட்டம் இருந்தாலும் அதே முடிவுதான்.

ஜாக்கியில் இருக்கும்போதே ஒரு பேனாவை ரிம் விளிம்புக்கு அருகில் அசையாமல் பிடித்துச் சுழற்றுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் ரிம் வளைந்திருக்கிறது.

உள்ளங்கைச் சோதனை

மாட்டியபோது அமைதியாக இருந்து 5,000 கிலோமீட்டருக்குப் பிறகு சத்தம் தொடங்கினால் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையைத் தடத்தின் மேல் வைத்து உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு இழுங்கள், பிறகு திரும்ப. ஒரு பக்கம் வழுவழுவென்றும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லாகவும் கையில் தட்டினால் டோ (சக்கரங்கள் முன்னால் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) தவறு. சுற்றுவாக்கில் தடவும்போது ஒவ்வொரு கட்டையின் பின் விளிம்பும் நிமிர்ந்திருந்தால், நெடுநாள் இடம் மாற்றாத தேய்மானம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம்.

அலைன்மென்ட் எடுக்கும்போது காற்று சரியாக இருக்க வேண்டும், அளவுத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். பல ஹேட்ச்பேக்குகளில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம். அதில் திருப்பிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அங்கே ரம்பத் தேய்மானம் வராமல் தடுக்க ஒரே வழி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றுவது. திசை டயர் என்றால் அதே பக்கத்துக்குள்ளேயே. ரம்பமாகிவிட்ட டயர் அலைன்மென்ட் சரியான அன்றே அமைதியாகாது. முன்னால் கொண்டுவந்தால் ஓரிரு ஆயிரம் கிலோமீட்டரில் ஓரளவு மழுங்கும்.

எல்லாம் பார்த்தும் குறையவில்லை என்றால்

அப்போதுதான் டயரையோ அளவையோ மாற்றும் பேச்சு. ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் எண்ணை வைத்து வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இன்ஜின் அணைந்த நிலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் உருளும் வண்டியின் சத்தத்தை, ரோட்டோரம் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தது அது. சாலையோரத்தில் நிற்பவர் காதுக்கான எண். உங்கள் காதுக்கானது அல்ல. நம் ஊரில் உருளும் சத்தத்துக்கு வரம்பு வைக்கும் ஏஐஎஸ்-142 விதியும் வெளிச்சத்தத்தைப் பற்றியதே. பக்கச்சுவர் இறுகிய ஸ்போர்ட்ஸ் வகையைவிட டூரிங் அல்லது கம்ஃபர்ட் என்று விற்கும் வகையில் கட்டைகள் சிறிதாக, ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும். ஒரே சுரத்தில் ஊதாது.

ரிம்மை வைத்துக்கொண்டே டயரின் அளவை மாற்ற நினைத்தால், 16 இன்ச் ரிம்மில் 205/55 போடலாம். பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர், விட்டம் 632, பழையதைவிட 1.7 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது 61-ல் போவீர்கள், அவ்வளவே. விட்ட வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டாமல், வீல் ஆர்ச்சில் இடம் இருந்தால் இது நல்ல சமரசம். 17 மாட்டியவர்கள் 16-க்கு இறங்கினால் ரிம்மை விற்க வேண்டிவரும். எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வைத்திருந்த பழைய வீல் இருந்தால் அந்த முடிவை அவசரமில்லாமல் எடுக்கலாம்.

டேம்பிங் கடைசியில். போடுவதானால் கதவுகளை விட்டுவிட்டு வீல் ஆர்ச்சின் உட்புறமும் ஸ்டெப்னி குழியும் முதலில். ஹேட்ச்பேக்கில் பின் சக்கரச் சத்தம் உள்ளே நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பியூட்டைல் ஷீட் ஒட்டும் முன் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரோலரால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்த வேண்டும். குழியின் அடியில் உள்ள ரப்பர் மூடி மேல் மட்டும் ஒட்டாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் வெளியேற அதுதான் வழி.